ஊதாப் பலகை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கோர்படி வீட்டில் இருந்தவர்கள்:

ஆரோக்கியசாமி. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதுதான் அவர் வழங்கும் தீர்ப்பு.

பிலோமினாள், அவர் மனைவி. தூத்துக்குடிக்காரி. மராத்திக் காய்கறிக்காரியிடமும் தூத்துக்குடித் தமிழில்தான் பேரம் பேசுவாள். கடைசியில் காய்கறிக்காரிதான் தமிழ் கற்றுக்கொண்டாள்.

ஸ்டீபன், மூத்த மகன். சுற்றுலாக் கப்பல் ஒன்றில் சமையற்காரன். ஒப்பந்தம் முடிந்து விடுமுறையில் வந்திருந்தான். அன்றைய சமையல் அவனுடையது.

தீபா, ஸ்டீபனின் மனைவி. வருடத்தில் பாதி நாள் புருஷன் இல்லாமலும் எல்லா நாளும் மாமியாரோடும் வாழ்கிறவள்.

சேவியர், பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வே கேட்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மாருதி வேன் ஒன்று வைத்திருக்கிறார். வாசனை வந்தால் அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்.

ஜெயசீலன், இளைய மகன். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. யாரோடும் சண்டை போடாதவன் என்று பெயர் வாங்கியவன்.

அகல்யா, ஜெயசீலனின் மனைவி. செத்துப் பிழைத்தவள்.

அகல்யா கோயம்புத்தூர்ப் பெண். வீட்டில் முட்டைகூட உடைக்காத சைவக் குடும்பம். ஜெயசீலனை ஆபீஸில் பார்த்து, பழகி, அப்பாவோடு பேச்சு முறிந்து, கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு கோழி தின்றாள், மீன் தின்றாள். அவனுக்காகத் தின்றாள் என்று ஊரில் பேசினார்கள். அது பொய். பிடித்துப்போய்த் தின்றாள். மாமியார் வைத்த மீன் குழம்பை மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வாள். "சைவப் பூனைக்கு கவிச்சி ருசி கண்டுட்டு பாரு" என்று பிலோமினாள் சிரிப்பாள். அது நல்ல காலம். ஒரு மாதம் ஓடியது.

பிறகு ஒரு நாள் இறால் தொக்கு. கிண்ணம் காலியாகும் முன்பே உதடு தடித்தது. கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. தொண்டைக்குள் யாரோ துணியைத் திணிப்பது போல அடைத்தது. ஜெயசீலன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். ஊசி போட்டு மீட்டார்கள். பிறகு பரிசோதனை செய்த டாக்டர் தெளிவாகவே சொன்னார்: இறால், நண்டு, சிங்கி இறால், ஓடு உள்ள எதுவும் கூடாது. மீன் சாப்பிடலாம். ஆனால் இறால் தொட்ட கத்தி தொட்ட மீன் கூடாது. அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம். அட்ரினலின் மருந்தும் சிரிஞ்சும் எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து ஊசி குத்தப் பழக்கிவிட்டார்.

இதெல்லாம் பிலோமினாள் காதில் வேறு விதமாக விழுந்தது. தன் கைப்பக்குவத்தில் விஷம் இருக்கிறது என்று மருமகள் ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வந்துவிட்டாள் என்று விழுந்தது.

"அவளுக்கு அருவருப்பு. அருவருப்புக்கு இங்கிலீஷ்ல அலர்ஜின்னு பேரு" என்று தெரு முழுக்கச் சொன்னாள். "நாம கடல்ல பொழச்ச சனம். நம்ம கடலே அவளுக்கு வேண்டாமாம்."

"மீன் திங்காளே அத்தை" என்று தீபா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"மீனு பாக்க லச்சணமா இருக்கு, திங்கா. எறாலுக்கு மீசை இருக்கு, கால் இருக்கு. அய்யோன்னு இருக்கு அவளுக்கு."

இரண்டு வருடம் இப்படித்தான் போனது. மாமியார் வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் ஒரு விசாரணை. தட்டில் எதைத் தொட்டாள், எதைத் தொடவில்லை, எந்தக் கரண்டியை மோந்து பார்த்தாள். கோபத்தை அகல்யா சோற்றோடு பிசைந்து விழுங்கினாள். விழுங்கியதெல்லாம் எங்கும் போகவில்லை, உள்ளேதான் கிடந்தது.

வெளியே சாப்பிடப் போனாலும் இதே கூத்து. அவளுக்கு சுஷி மேல் ஆசை. காடி கலந்த சோறு, கடற்பாசித் தாள், ஒரு துண்டு பச்சை சால்மன். அவ்வளவுதான் அந்தச் சாப்பாடு. அவள் தின்னக்கூடிய மீன் அது. ஆனால் கடைக்குப் போய் "எனக்கு அலர்ஜி" என்றால் பரிமாறுகிறவன் பல்லைக் காட்டுவான். நண்டுக் குச்சி வைத்த உருளையைக் கொண்டுவந்து, "இது நிஜ நண்டு இல்லை மேடம், மீன் மாவு" என்பான். அந்த மாவில் நண்டுச் சாறு கலந்திருக்கும் என்று இவள் சொன்னால், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவதாகப் போகிறவன் திரும்பி வர மாட்டான். இறால் பொரித்த எண்ணெயில்தான் காய்கறியும் பொரிகிறது என்பதை எந்தக் கடையும் தானாகச் சொன்னதில்லை.

அதே கடையில் "நான் ஜெயின்" என்று சொன்னால் போதும். தனிப் பலகை வரும், தனிக் கத்தி வரும், வெங்காயம் தொட்ட கை உள்ளே வராது. இரண்டு தடவை அப்படிப் பொய் சொல்லித்தான் சாப்பிட்டாள். சாமிக்குப் பயப்படுகிற சமையலறை மூச்சுக்குப் பயப்படுவதில்லை. ஆனால் ஜெயினுக்கு சால்மன் தர மாட்டார்கள். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டித் தந்தார்கள். தின்றுவிட்டு வந்தாள்.

இந்த முறை ஸ்டீபன் விடுமுறையில் வந்ததும் ஒரு மாலை விஷ்ராந்த்வாடியில் இவர்கள் ஃபிளாட்டுக்கு வந்தான். காப்பி குடித்துக்கொண்டே கப்பல் கதை சொன்னான். நன்றாகக் கதை சொல்வான்.

"ஒரு அமெரிக்காக்காரி. எறா ஆகாது, நண்டு ஆகாது. அவ டேபிள்ல இருந்து ஆர்டர் வந்துச்சுன்னா கிச்சனே நின்னுடும்டா. அலர்ஜிக்குன்னே தனியா வச்சிருக்கற ஊதா போர்டு எடு. ஊதாப் பிடி கத்தி எடு. கிளவுஸைக் கழட்டு, கையைக் கழுவு, புது கிளவுஸ் மாட்டு. சுருட்டுற மூங்கில் பாய்க்குப் புது பிளாஸ்டிக் சுத்து. சோயா சாஸ்கூட புது பாட்டில்தான் உடைக்கணும். பின்னாடி பெரிய செஃப் கண்கொத்திப் பாம்பு மாதிரி நிப்பான். எல்லாம் முடிஞ்சா நான் கையெழுத்துப் போடணும். ஆறு துண்டு சோத்துக்கு இம்புட்டு ஆட்டம்!"

ஜெயசீலன் விழுந்து விழுந்து சிரித்தான். அகல்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பசி வந்தது.

"அத்தான், எனக்கு அப்படிச் செஞ்சு தருவீங்களா?"

"உனக்குச் செய்யாம? வர்ற ஞாயித்துக்கிழமை கோர்படிக்கு வா. ஏக்தம், அப்படியே கப்பல் மாதிரி."

"என்னோடத முதல்ல செஞ்சு தனியா வச்சிருங்க. அதுக்கப்புறம் இறாலை வெளிய எடுங்க. அவ்வளவு போதும்."

"அரே, யாருக்குச் சொல்லித் தர்ற நீ?" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

அவள் நம்பினாள். விஷயம் தெரிந்த ஒருவன் இந்தக் குடும்பத்தில் கிடைத்துவிட்டான் என்று நினைத்தாள். இருந்தாலும் சனிக்கிழமை ஒரு சின்னப் பலகையும் கத்தியும் புதிதாக வாங்கிப் பையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஜெயசீலன் அதை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டான்.

"இதைத் தூக்கிட்டுப் போனா அம்மா என்ன நினைப்பாங்க? எங்க வீட்டு சாமான் சுத்தமில்லைன்னு சொல்ற மாதிரி ஆகும். அண்ணன் கப்பல்காரன், அவனுக்குத் தெரியாதா?"

அவள் விட்டுக்கொடுத்தாள்.

கோர்படி போய்ச் சேர்ந்தபோது வேலை பாதி நடந்திருந்தது. ஸ்டீபன் தோளில் ஈரத் துண்டோடு அடுப்பு மேடை முன்னால் நின்றான். குச்சியில் குத்தி நேராக வேக வைத்த இறால்கள் ஓடு உரிந்து, வயிறு பிளந்து, வெள்ளைப் பலகை மேல் வரிசையாகக் கிடந்தன. கத்தி அந்தப் பலகை மேலேயே கிடந்தது. பக்கத்தில் சேவியர் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"பச்ச மீனை சோத்துல ஒட்டித் தர்றதுக்கு சம்பளம் குடுக்கான் பாரு" என்றார் சேவியர். "நான் கேட் போட்டு கேட் திறந்தே ரிட்டயர் ஆயிட்டேன்."

"அத்தான், என்னோடது எங்கீங்க?" என்றாள் அகல்யா.

"இனிமேதான். போய் உக்காரு."

"முதல்ல செய்யறேன்னீங்க."

"அம்மா எறாலை எடுத்து வச்சுட்டாங்க, ஆரம்பிச்சுட்டேன். எல்லாம் ஒழுங்கா வரும்."

"வேற போர்டு இருக்குங்களா?"

ஸ்டீபன் திரும்பினான். "இது கப்பலா? வீடு. இங்க ஒரு போர்டு, ஒரு கத்தி. கழுவிக்கறேன் போ."

"சோப்புப் போட்டுக் கழுவணும் அத்தான். அந்தப் பாயையும். கையையும்."

பிலோமினாள் கூடத்திலிருந்து வந்துவிட்டாள். "என்னட்டி, வந்ததும் வராததுமா வாத்தியார் வேல? ஒலகம் பூரா ஆக்கிப் போட்டவன் அவன். ஒனக்கு மட்டும் ஆக்கத் தெரியாதாக்கும்?"

"அதில்லைங்க அத்தை, கத்தியில—"

"சொல்லு. எங்க வீட்டுக் கத்தில தீட்டு இருக்கு. வாய் தொறந்து சொல்லிரு, எல்லாரும் கேக்கட்டும்."

கூடத்தில் டிவி சத்தம் கூடியது. ஹிந்தியில் யாரோ கிரிக்கெட் வர்ணனை செய்தான்.

"சண்டை எங்கயும் போயிராது" என்றார் சேவியர். "முதல்ல சோத்தப் போடுங்க. பச்ச மீனு ஆறிரப் போவுது."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயசீலன் அகல்யாவின் தோளைப் பிடித்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். "நீ உக்காரு. நான் கூட நின்னு பாத்துக்கறேன். விடு, என்கிட்ட விடு."

அவன் சமையலறைக்குள் போனான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். அண்ணனும் தம்பியும் தணிந்த குரலில் பேசினார்கள். என்னவென்று கிரிக்கெட் கேட்க விடவில்லை. குழாய் ஓடும் சத்தம் கேட்டது. ஓடி நின்றது.

ஜெயசீலன் தட்டோடு வந்தான். ஆரஞ்சு நிற சால்மன் வைத்த துண்டுகள் வட்டமாக அடுக்கியிருந்தன. அழகாகத்தான் இருந்தது.

"கழுவினாங்களா?"

"கழுவிட்டான். சோப்புப் போட்டு. நான் நின்னு பாத்தேன்."

"பாயும்?"

"பாய், கை, கத்தி, எல்லாம்."

"சத்தியமா?"

"புருஷங்கிட்டயே சத்தியம் கேக்கா பாரு" என்றாள் பிலோமினாள்.

ஜெயசீலன் அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். "சத்தியமா, அகல்."

அவள் சாப்பிட்டாள். குளிர்ந்த மீன் நாக்கில் வெண்ணெய் மாதிரி கரைந்தது. சோறு லேசாகப் புளித்தது. இரண்டாவதையும் எடுத்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கட்டும். மூன்றாவதை மெல்லும்போது உள்ளங்கை அரித்தது. கையைப் பாவாடையில் தேய்த்தாள். அரிப்பு காதுக்குள் ஏறியது. நாக்கு வாய்க்குப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஜெயா, பை" என்றாள். குரல் தடித்து வந்தது.

"ஆரம்பிச்சுட்டா" என்றாள் பிலோமினாள். சொல்லிவிட்டு அகல்யாவின் உதட்டைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் சொல்லியிருந்தார், நிற்கக் கூடாது, படுத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்று. அகல்யா தானே தரையில் படுத்தாள். ஜெயசீலன் பையைக் கவிழ்த்தான். மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தவன் அப்படியே உறைந்து நின்றான். ஆரஞ்சுப் பழத்தில் அருமையாகக் குத்தியவன். அகல்யா அவன் கையிலிருந்து பிடுங்கினாள். குப்பியின் கழுத்தை ஒடித்து, சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி, துணிக்கு மேலேயே தொடையில் குத்திக்கொண்டாள். தீபாதான் அவள் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "வேனை எடுங்க அங்கிள்!" என்று கத்தினாள். சேவியர் சாப்பிட்ட கையோடு ஓடினார். ஆரோக்கியசாமி எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் டிவியை அணைத்தார்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி, ஆக்ஸிஜன், சொட்டு மருந்து. மூச்சு வந்தது. அடங்கியது போல இருந்து மறுபடி வரக்கூடும், விடியும்வரை இங்கேயே இருக்க வேண்டும் என்றார் பெண் டாக்டர். "யார் சமைத்தது?" என்று ஹிந்தியில் கேட்டார். ஜெயசீலன், "வீட்டில்தான்" என்றான். ஏதோ காற்றில் வந்துவிட்டது போலச் சொன்னான்.

சாயங்காலம் ஸ்டீபன் வந்தான். கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றான். பழம் வாங்கி வந்திருந்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அகல்யா அவனையே பார்த்தாள்.

"ஏன் இப்படிப் பாக்கற? நான் என்ன விஷமா வச்சேன்?"

"கழுவினீங்களா அத்தான்?"

ஸ்டீபன் தம்பியைப் பார்த்தான். தம்பி சொட்டு மருந்து இறங்குவதைப் பார்த்தான்.

"துடைச்சேன்" என்றான் ஸ்டீபன்.

"எதுல?"

"தோள்ல கிடந்த துண்டுல. சுஷி பண்றவன் எவனும் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத் துணில துடைப்பான். அது தொழில் பழக்கம்."

"இறால் வெட்டினப்பவும் அதே துண்டுலதான் துடைச்சீங்க."

அவன் பழப் பையை மாற்றிப் பிடித்தான். பிறகு வெடித்தான். "எல்லாத்தையும் என் தலைல கட்டாதே. நான் கழுவத்தான் போனேன். உன் புருஷனைக் கேளு. 'விடுண்ணே, அம்மா வேற கத்திட்டு இருக்காங்க, சும்மா துடைச்சுட்டுக் குடு, நான் பேசிக்கறேன்'னான். சொன்னியா இல்லையாடா? வாயைத் திற."

ஜெயசீலன் குனிந்து போர்வை நுனியை மடித்தான்.

"குழாய் ஓடிச்சே?" என்றாள் அகல்யா.

"தீபா டம்ளர் கழுவினா" என்றான் ஸ்டீபன்.

அகல்யா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நர்ஸ் அதட்டினாள். அவள் கேட்கவில்லை.

"கப்பல்ல துடைச்சுட்டுக் குடுப்பீங்களா?"

"கப்பல் வேற."

"எப்படி வேற?"

"அங்க ஏதாவது ஆச்சுன்னா வேலை போயிடும். கோர்ட்டு, கேஸு, என்னென்னமோ இருக்கு."

"அந்தப் பொம்பளைக்கு ஏதாவது ஆனா உங்க வேலை போகும். எனக்கு ஏதாவது ஆனா உங்களுக்கு என்ன போகும்?"

"என்ன பேச்சு இது? நீ என் தம்பி பொண்டாட்டி, வீட்டு மனுஷி. உனக்குக் கெடுதல் நினைப்பேனா நான்?"

"நீங்க எனக்கு நல்லதும் நினைக்க வேண்டாம், கெட்டதும் நினைக்க வேண்டாம். கத்தியைக் கழுவுங்க. அந்த வெள்ளைக்காரி பேர்கூட உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு ஊதா போர்டு. எனக்குத் துண்டு. ஏன்னா நான் வீட்டு மனுஷி."

பக்கத்துக் கட்டிலில் இருந்த மராத்திக் கிழவர் இவர்கள் பக்கம் திரும்பிப் படுத்தார். மொழி புரியவில்லை, சங்கதி புரிந்துவிட்டது. ஸ்டீபன் பழத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். அவன் பாவி இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பாவியாக இருந்தால் வைதுவிட்டு விட்டுவிடலாம். இவன் அன்பானவன். அன்பு இருக்கிற இடத்தில் சோப்பு எதற்கு என்று நினைக்கிறவன்.

ஜெயசீலனிடம் அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தான். அவள் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். சீராக வந்தது.

மறுநாள் மதியம் விஷ்ராந்த்வாடி ஃபிளாட்டுக்கு வந்தார்கள். புதுப் பலகையும் கத்தியும் மேசை மேல் அவன் வைத்த இடத்திலேயே கிடந்தன. அவன் கஞ்சி வைத்தான். கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்கிக் கீழே வைத்தாள்.

"அம்மா ராத்திரி பூரா அழுதாங்களாம்" என்றான். "தீபா அண்ணி சொன்னாங்க."

அகல்யா கஞ்சிக் கிண்ணத்தை இன்னும் தள்ளி வைத்தாள்.

"ஒரு போன் பண்ணிடு அகல். 'உங்க மேல கோபமில்லை'ன்னு ஒரே வார்த்தை. அவங்களுக்கும் வயசாச்சு. பிபி இருக்கு."

அவள் சிரித்தாள். தொண்டை ஆறாததால் இருமலாக வந்தது.

"ஏன் துடைச்சாப் போதும்னு சொன்ன?"

"நான்தான் தப்புன்னு ஒத்துக்கறேன் இல்ல. எத்தனை தடவை—"

"ஒத்துக்கச் சொல்லல. ஏன்னு கேக்கறேன். போன தடவை என்னைத் தூக்கிட்டு ஓடினவன் நீ. என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நீ பாத்திருக்க. உங்கம்மா பேசறது எனக்குப் புரியுது. உங்கண்ணன் கப்பல்ல இருந்தான், பாக்கல. நீ பாத்த. பாத்துட்டும் ஏன்?"

அவன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். நகத்தைக் கடித்தான். சண்டை போடாதவனுக்கு உண்மை சொல்லும் பழக்கமும் குறைவு. 

"அன்னிக்கு நீ ஒரு கிண்ணம் தொக்கு சாப்பிட்டிருந்த. இது கத்தில ஒட்டினது. கொஞ்சூண்டு. ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"டாக்டர் சொன்னது?"

"டாக்டருங்க எப்பவும் ஜாஸ்தியாத்தான் சொல்வாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"இன்னும் இருக்கு. சொல்லு."

"பயத்துலயும் கொஞ்சம் வருதோன்னு..." அவன் அவளைப் பார்க்கவில்லை. "அம்மா சொல்ற மாதிரி முழுக்க இல்ல. அப்படி நான் நினைச்சதே இல்ல. ஒரு கால்வாசி. கால்வாசி மனசுலதான் இருக்கோன்னு."

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஆளந்தி ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. 

"சரி. நேத்து எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு வச்சுக்க. என்ன பண்ணியிருப்ப?"

"என்ன பண்ணியிருப்பேன்... ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத. சத்தியம் பண்ணி ஒரு தடவை சொன்னது போதும்."

"மெதுவா சொல்லியிருப்பேன்" என்றான். "பாரு அகல், கத்தி கழுவவே இல்ல, உனக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதேன்னு. உனக்கும் நிம்மதி. அம்மாவுக்கும் நிம்மதி. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னான். அதைக் கேட்டுத்தான் அவள் எழுந்தாள்.

"என்னை வச்சுப் பரிசோதனை பண்ணியிருக்க. நான் சாகலைன்னா உங்கம்மா ஜெயிச்சாங்க. செத்தா நான் ஜெயிச்சேன். இதுல எதுக்கு நிம்மதிப்படறது?"

"அப்படியெல்லாம் திரிச்சுப் பேசாத."

"கிளம்பு."

"எங்க?"

"கோர்படிக்கு. போய் ஒண்ணா உக்காந்து சாப்பிடு."

"அகல், இந்த நிலைமைல உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா?"

"அதுக்குத்தான் போகச் சொல்றேன். ராத்திரி எனக்கு மூச்சு திணறுச்சுன்னா நீ ஆம்புலன்ஸைக் கூப்பிடுவியா, கால்வாசி யோசிப்பியா? எனக்குத் தெரியல. நேத்து மத்தியானம் வரைக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கீழ் வீட்டு ஜமீலாக்கா வந்து படுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு நான் யாருமில்ல. நான் சொன்னதை அப்படியே கேட்டுக்கிட்டாங்க, ஊசி எங்க இருக்குன்னு மட்டும் கேட்டாங்க."

"இது என் வீடும்தான்."

"ஆமா. நான் தூங்கற வீடும்தான்."

அவன் எழுந்து நின்றான். மன்னிப்புக் கேட்டான். பிறகு கோபப்பட்டான், ஒரு தப்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்றான். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டுத் தருகிறேன், அவரிடம் பேசு என்றான். அவர் என்ன செய்வார், டிவியை நிறுத்துவார் என்றாள். அவன் லேப்டாப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். செருப்பைத் தேடினான். அவள் கதவருகே நின்று கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வரேன். பேசலாம்" என்றான்.

"கூப்பிடறப்ப வா."

"எப்பக் கூப்பிடுவ?"

"தெரியாது ஜெயா."

அவன் வாசற்படியைத் தாண்டினான். லிஃப்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, அவள் ஏதாவது சொல்வாள் என்று திரும்பி நின்றான். அவன் முகத்தில் பயம் இருந்தது. இப்போதுதான் முழுதாக நம்புகிறான் என்று பட்டது. அகல்யா கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.